வெயில் நாட்டுப் பிள்ளைகளுக்கு எலும்பு முறிந்தால்: வைட்டமின் டி எவ்வளவு, மரபணு எவ்வளவு?

கோபிப் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போன என் மகள், எதிரே வந்த மாட்டுக்கு வழிவிடப் போய்ச் சரிந்து விழுந்தாள். வயது 11. வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகிக் காட்டினார். எலும்பு ஒரு பக்கம் பிளந்திருந்தது, மறுபக்கம் வளைந்ததோடு நின்றிருந்தது. பச்சை வேப்பங்குச்சியை ஒடித்தால் ஒரேயடியாக முறியாமல் நார் பிடித்து நிற்குமே, அப்படி. இதற்குப் பச்சைக் குச்சி முறிவு என்றே பெயர். வளரும் எலும்பில் ஈரப்பசையும் நெகிழ்வும் அதிகம் என்பதால் இது பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான் வரும்.

மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே சொந்தம் கூடிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று ரத்தப் பரிசோதனையும் எடுத்திருந்தோம். வைட்டமின் டி 17 என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. "எலும்புல சத்தே இல்லீங்களாமா? ஏங்கண்ணு, வெயில்லயே போறதில்லையா நீ?" என்று அமுச்சி பேத்தியின் விரல்களைத் தடவிக்கொண்டே கேட்டார். இன்னொரு பக்கம் என் சித்தப்பா, "நம்ம குடும்பத்துலயே எலும்பு வீக்குடா, அத்தைக்கு இடுப்பு ஒடிஞ்சது ஞாபகம் இருக்கா?" என்றார். ஒரு முறிவுக்கு ஒரே நாளில் இரண்டு காரணம் கிடைத்துவிட்டது. ஒன்று வைட்டமின், இன்னொன்று பரம்பரை.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதில் நாம் நிறையக் குழப்பிக்கொள்கிறோம். அந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. தேவையில்லாத பிள்ளைக்கு மருந்து கூடிப்போகிறது, தேவையான பிள்ளைக்கு நோய் தெரியாமலே வருடங்கள் ஓடிவிடுகின்றன. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத நினைத்தேன்.

முதலில் ஒரு கணக்கு. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுக்காரர்களில் 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவு இருந்தது. 5 முதல் 9 வயதில் 18 சதவீதம், அதற்கும் சின்னக் குழந்தைகளில் 14 சதவீதம். அதுவும் மில்லிலிட்டருக்கு 12 நானோகிராம் என்ற கடுமையான கோட்டுக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. மறுபக்கம், மேலை நாடுகளில் நெடுநாள் பார்த்த கணக்குகளின்படி, வளர்ந்து முடிப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பிள்ளைகள் வரை ஒரு தடவையாவது எலும்பை முறித்துக்கொள்கிறார்கள். குறைவும் சாதாரணம், முறிவும் சாதாரணம். மாவுக்கட்டோடு வருகிற பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்தால் நாலில் ஒருவருக்குக் குறைவு என்று வரும். விழாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் எடுத்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். ஒரே ஆளிடம் இரண்டும் இருப்பதாலேயே ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

முறிவு அதிகம் வரும் வயதும் ஒரு விஷயத்தைச் சொல்கிறது. பெண் பிள்ளைகளுக்கு 11, 12 வயதிலும், பையன்களுக்கு 13, 14 வயதிலும் முன்கை முறிவு உச்சத்துக்குப் போகிறது. அந்த இரண்டு மூன்று வருடத்தில் எலும்பு கிடுகிடுவென்று நீளுகிறது, சுண்ணாம்புச் சத்து ஏறுவது கொஞ்சம் பின்தங்குகிறது. புதுச் சுவர் எழும்பியாயிற்று, பூச்சு இன்னும் காயவில்லை என்கிற நிலை. சத்தான பிள்ளைக்கும் இந்த இடைவெளி உண்டு. என் மகள் சரியாக அந்த வயதில்தான் விழுந்தாள்.

உச்சி வெயிலும் இளவெயிலும்

வைட்டமின் டியை உடம்பு தானே செய்துகொள்கிறது. தோலில் கொலஸ்ட்ராலுக்கு முந்தைய நிலையில் ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் பட்டதும் அது வைட்டமின் டி ஆகிறது. பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அதன் பிறகுதான் அது வேலை செய்யும் வடிவத்துக்கு வருகிறது. அந்த வடிவம் குடலுக்குப் போய், சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்கிறது. வைட்டமின் டி எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். சுண்ணாம்பை வண்டியிலிருந்து இறக்கி உள்ளே அனுப்பும் மேஸ்திரி மாதிரிதான் அது. வண்டியில் சுண்ணாம்பே வராவிட்டால் மேஸ்திரி என்ன செய்வார்? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நேரம் கையில் வைத்திருங்கள், திரும்ப வருவோம்.

இந்தச் சத்து அடியோடு இல்லாமல் போனால் வருவது ரிக்கெட்ஸ். வளரும் எலும்பின் முனை கெட்டிப்படாமல் மென்மையாகவே இருக்கும். கால் வில்லாக வளையும், மணிக்கட்டு புடைக்கும், நெஞ்சு விலா எலும்பில் மணி கோத்தாற்போல் வீக்கம் வரும். ஐரோப்பாவின் புகை மண்டிய நகரங்களில் இது பெரிய கொடுமையாக இருந்தது. 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற டாக்டர், பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைப் பிள்ளைகள் மேல் காட்டியே ரிக்கெட்ஸைக் குணப்படுத்தினார். அதே வருடங்களில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வைத்து, மீன் எண்ணெயும் அதையே செய்கிறது என்று காட்டினார். ஒளியும் எண்ணெயும் ஒரே பொருளைத்தான் தருகின்றன என்பது பின்னால் தெளிவானது.

சரி, வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத கோவைக்கும் ஈரோட்டுக்கும் இந்தக் குறைவு எப்படி வருகிறது?

நம் ஊரில் "காலை இளவெயில்தான் வைட்டமின் டி" என்று ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, ஏழரை மணி வெயிலில் பத்து நிமிடம் காட்டிவிட்டுத் தூளியில் போடுகிறோம். அன்பான வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் சூரியன் சாய்ந்திருக்கிறது. கதிர்கள் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் வந்தாக வேண்டும், வருகிற வழியிலேயே புற ஊதா பி கதிரின் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். நிழலைப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோலில் வைட்டமின் டி நன்றாக உண்டாகும். அந்தக் காலத்தில் நிழலை அடியால் அளந்து மணி சொன்னவர்களுக்கு இது கைவந்த கணக்கு. காலை ஏழரைக்கு நம் நிழல் நம்மைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டு கிடக்கும்.

கோவை வடக்கே 11 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளிலும், மறுபடி ஆவணித் தொடக்கத்திலும் சூரியன் நம் நடு உச்சிக்கே வந்துவிடும். மார்கழியில்கூட நடுப்பகல் நிழல் நம் உயரத்தில் முக்கால்வாசி இருக்காது. லண்டனிலோ பெர்லினிலோ குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இந்தக் கதிரே தரைக்கு வராது. நமக்கு வருடம் முழுக்க, பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை வந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடுகிறது. வேன் கண்ணாடி வழியாக வெளிச்சமும் சூடும் வரும், புற ஊதா பி வராது. கண்ணாடி அதை நிறுத்திவிடும். வகுப்பறை ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் அதே கதை. மதியச் சாப்பாடு கூரைக்கு அடியில். விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் விடியலில் எழுந்து இரவு வரை படிப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பினால், "வெயில்ல போகாத கண்ணு, கறுத்துப் போயிருவ" என்று வாசலில் தடுக்கிறோம். பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாத வீடு குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கறுத்த தோலில் உள்ள மெலனின் இயற்கையான குடை. அது புற்றுநோயிலிருந்து காக்கும், அதே சமயம் வைட்டமின் டி உண்டாவதையும் மெதுவாக்கும். வெள்ளைத் தோலுக்குப் போதுமான நேரம் நம் தோலுக்குப் போதாது. கையும் காலும் திறந்திருக்க, நிழல் குட்டையான நேரத்தில் அரை மணி ஓடியாடினால் பிள்ளைகளுக்கு நல்லது. தோல் சிவந்து எரியும் வரை நிற்க வேண்டியதில்லை. சின்னக் குழந்தையை உச்சி வெயிலில் கிடத்தவும் கூடாது.

நாமக்கல் கோழிக்குத் தெரிந்தது

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் டாக்டர் இல்லை, நாமக்கல் பக்கத்தில் முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கும் என் மச்சான். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. வருடத்துக்கு 300 முட்டை இடும் கோழி, தன் உடம்பு எலும்பில் இருப்பதைப் போலப் பல மடங்கு சுண்ணாம்பை ஓடாக வெளியே தள்ளுகிறது. அதனால் முட்டைக் கோழித் தீவனத்தில் சுமார் 4 சதவீதம் கால்சியம் இருக்கும்படி கலக்கிறார்கள். கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் அதற்குத்தான். கூடவே வைட்டமின் டி3 கலந்த பொடி.

ஒரு நாள் விடியற்காலையில் அவரோடு கொட்டகைக்குள் நடந்தேன். முட்டை உருண்டு வந்து நிற்கும் கம்பித் தட்டில் இருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஓடே இல்லை, ஈரத் தோல் மட்டும். அழுத்தினால் குழிகிறது. "தோல் முட்டைங்க மாப்ள. நாலு நாளா நூத்துக்கு ரெண்டு வருது. டி3 கலந்தது சரியில்லையா, கல்லு குறைஞ்சுதா, கோழிக்கு வயசாச்சான்னு மூணையும் பாக்கோணும். ஒண்ண மட்டும் பாத்தா ஆகாது" என்றார். தீவனத்தில் சுண்ணாம்பு பற்றாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும். கடைசியில் கால் நிற்காமல் கூண்டிலேயே படுத்துவிடும். அப்புறம் அவர் சொன்ன இன்னொன்று: ஒரே தீவனம், ஒரே கொட்டகை, ஆனால் இரண்டு இனக் கோழிக்கு ஓட்டின் தடிமன் வேறு. ஓட்டின் உறுதியும் கால் எலும்பின் உறுதியும் கோழிகளில் பரம்பரையாக வருவது ஆராய்ச்சியிலும் தெரிந்த விஷயம். வைட்டமின், சுண்ணாம்பு, இனம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பண்ணைக்காரருக்குத் தெரிகிறது. பிள்ளை விஷயத்தில் நாம் ரத்த அட்டையில் உள்ள ஒரு எண்ணோடு நின்றுவிடுகிறோம்.

இப்போது வண்டியில் சுண்ணாம்பே வராத கதைக்குத் திரும்புவோம். நைஜீரியாவில் வெயில் நம் ஊரைவிடக் குறைச்சல் இல்லை. ஆனாலும் அங்கே பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் 123 பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்கு வைட்டமின் டி மட்டும், சிலருக்குக் கால்சியம் மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கால்சியம் சேர்ந்த இரண்டு குழுவும்தான் நன்றாகத் தேறின. அவர்கள் சாப்பாட்டில் ஒரு நாளுக்கு 200 மில்லிகிராம் அளவுக்குத்தான் கால்சியம் இருந்தது. பால் இல்லாத, தானியமே நிறைந்த சாப்பாடு அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு, 10 முதல் 12 வயதுக்கு ஒரு நாளுக்கு 850 மில்லிகிராம், 13 முதல் 15 வயதுக்கு 1,000. என் மகளின் ஒரு நாளை எழுதிப் பார்த்தேன். காலையில் இட்லி, மதியம் அரிசிப் பருப்புச் சோறு, சாயங்காலம் பிஸ்கட்டும் டீயும், ராத்திரி தோசை. 400-ஐத் தொடவே சிரமம். நம் அப்பாரு காலத்தில் இது வேறு மாதிரி இருந்தது. ராகிக் களி, கீரை, கொள்ளு, மோர். 100 கிராம் ராகியில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம், முருங்கைக் கீரையில் 300-க்கு மேல், எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். ராகியில் உள்ள பைட்டேட் என்ற பொருள் கொஞ்சம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். ஒரு தம்ளர் பாலில் 240. ஆனால் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பால் கறக்கும் எத்தனையோ வீடுகளில், கறந்த பால் முழுக்கச் சொசைட்டிக்குப் போய்விடுகிறது. வீட்டுப் பிள்ளைக்கு டீயில் கலந்தது மிஞ்சுகிறது. கடனும் தீவன விலையும் இருக்கும்போது அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. என்றாலும் ஒரு தம்ளரைப் பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் கருவில் வைட்டமின் டி உண்டு, ஆனால் ஒரு முட்டைக்கு 40 யூனிட் அளவுதான். தேவை 600. புரதத்துக்காக முட்டை கொடுங்கள், வைட்டமின் டிக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தண்ணீரையும் விட்டுவிடக் கூடாது. தர்மபுரி, சேலம் பக்கமும், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் சில இடங்களிலும் ஆழ்துளைக் கிணற்றில் புளோரைடு அதிகம். இந்தியத் தரக் கணக்கில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், எலும்பு பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும் தரம் கெடும். கால்சியமும் குறைந்த பிள்ளைக்கு முட்டியோடு முட்டி இடிக்கும்படி கால் வளையும். 1937-இலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கம் இந்த நோய் பதிவாகியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். பல்லில் கறையும் காலில் வளைவும் சேர்ந்து வந்தால், ரத்தத்தைச் சோதிக்கும் முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

ஒரே மரபணு கெட்டால்

சித்தப்பா சொன்ன பரம்பரைக்கு வருவோம். மரபணு எலும்பை இரண்டு விதமாகத் தொடுகிறது. ஒன்று அரிது, ஆனால் பலமாகத் தொடும். மற்றது எல்லோரிடமும் இருக்கும், லேசாகத் தொடும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதில்தான் தப்பு தொடங்குகிறது.

அரிதானதில் முதலாவது, கண்ணாடி எலும்பு என்று சொல்லப்படும் நோய். எலும்பில் சுண்ணாம்பு பிடித்து நிற்க ஒரு நார்ச் சட்டம் வேண்டும், அதுதான் கொலாஜன். அதைச் செய்யும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பிழையானால் சட்டமே பலவீனம். 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. சில பிள்ளைகளுக்குக் கண்ணின் வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும், பல் சுலபமாகத் தேயும், நாற்காலியிலிருந்து இறங்கியதற்கே தொடை எலும்பு முறியும். இங்கே வைட்டமின் டி எத்தனை கொடுத்தாலும் நார்ச் சட்டம் சரியாகாது. எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகள் 1990-களின் இறுதியிலிருந்து பிள்ளைகளுக்குப் பயன்படுகின்றன. முறிவுக்குப் பின் கம்பி செருகும் அறுவை சிகிச்சையும் உண்டு.

இரண்டாவது, பாஸ்பேட் ஒழுகும் ரிக்கெட்ஸ். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஃபெக்ஸ் என்ற மரபணு பழுதானால் சிறுநீரகம் பாஸ்பேட்டைத் தேக்காமல் வெளியே விட்டுவிடும். இந்த மரபணு 1995-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நோயுள்ள அப்பாவிடமிருந்து எல்லா மகள்களுக்கும் போகும், மகன்களுக்குப் போகாது. நோயுள்ள அம்மாவிடமிருந்து மகனோ மகளோ பாதிப் பேருக்குப் போகலாம். இந்தப் பிள்ளைக்குக் கால் வளையும், உயரம் குறையும், பல் வேரில் சீழ் கட்டும். ரத்தத்தில் வைட்டமின் டி சரியாகவே இருக்கும். "ரிக்கெட்ஸ் தானே" என்று வைட்டமின் டி ஊசியை மறுபடி மறுபடி போட்டுக் காலத்தைக் கடத்தினால் கால் வளைந்ததுதான் மிச்சம். பாஸ்பேட்டும், சிறுநீரகம் மாற்றித் தரும் வடிவிலான வைட்டமினும் சேர்த்துக் கொடுப்பது பழைய வைத்தியம். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோசுமாப் என்ற ஊசி புதியது, விலை மிக அதிகம்.

மூன்றாவது வகையில் வைட்டமின் டியை மாற்றும் கல்லீரல், சிறுநீரக நொதிகளிலோ, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியிலோ மரபணுப் பிழை இருக்கும். ஏற்பியே பழுதானால் சில குழந்தைகளுக்குத் தலைமுடியும் கொட்டிவிடும். ரிக்கெட்ஸும் மொட்டைத் தலையும் சேர்ந்த குழந்தையைப் பார்த்தால் டாக்டருக்குப் பொறி தட்ட வேண்டும்.

இந்த மூன்றாவது வகை வருவதற்கு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வர வேண்டும். இங்கேதான் நம் கல்யாண வழக்கம் வருகிறது. கொங்கில் கூட்டம், அதாவது குலம், பார்த்துத்தான் சம்பந்தம் பேசுகிறோம். ஒரே கூட்டத்தில் கட்ட மாட்டோம். அப்பா வழிச் சொந்தத்தை அது தள்ளி நிறுத்துகிறது. ஆனால் மாமன் மகள், அத்தை மகள் முறை நமக்கு உரிமை. கூட்டம் வேறாக இருந்தாலும் தாத்தா பாட்டி ஒன்றுதான். அவர்களில் ஒருவரிடம் மறைந்திருந்த பிழை இரண்டு கிளை வழியாகவும் இறங்கி ஒரே குழந்தையில் சந்திக்கலாம். இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முறை வைத்துக் கட்டிய எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை, நடப்பது அரிதுதான். ஆனால் மருந்துக்கு அடங்காத ரிக்கெட்ஸ் இருந்து, பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால், அதை டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். கண்ணாடி எலும்பு நோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்தோ, யாரிடமும் இல்லாமல் புதிதாகவோ வரும். அங்கே மருமகளின் வீட்டைக் குறை சொல்லும் பேச்சுக்கு ஆதாரமே இல்லை.

எல்லோரிடமும் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசம்

எலும்பின் அடர்த்தியில் மனிதருக்கு மனிதர் தெரியும் வித்தியாசத்தில் 50 முதல் 80 சதவீதம் பரம்பரை சார்ந்தது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் கேட்டுப் பலர், "அப்போ எல்லாம் விதிதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எண் ஒரு மக்கள் தொகைக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றியது, ஒரு பிள்ளையின் தலையெழுத்தைப் பற்றியதல்ல. மச்சானின் கொட்டகையில் இனம் எவ்வளவு உசத்தியானாலும் கல்லைக் குறைத்தால் தோல் முட்டைதான்.

வைட்டமின் டி அளவிலும் மரபணுப் பங்கு உண்டு. 2010-இல் ஐரோப்பிய வம்சாவளியினர் 30,000 பேருக்கு மேல் பார்த்த ஆய்வில் சில மரபணு இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. வைட்டமினை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதத்தின் மரபணு ஒன்று. கல்லீரல் நொதியின் மரபணு ஒன்று. தோலில் உள்ள மூலப்பொருளை வெயில் படும் முன் கொலஸ்ட்ராலாக மாற்றிவிடும் நொதியின் மரபணு இன்னொன்று. ஒரே வாசலில் வளரும் அண்ணன் தங்கைக்கு எண் கொஞ்சம் வேறுபடுவதில் ஆச்சரியமில்லை.

இந்த மரபணுக்களை வைத்தே ஒரு சாமர்த்தியமான சோதனை செய்யலாம். கரு உண்டாகும்போது யாருக்கு எந்த மரபணு என்பது குலுக்கல் சீட்டு மாதிரி விழுகிறது. பிறவியிலேயே வைட்டமின் டி சற்றுக் குறையும்படி சீட்டு விழுந்தவர்களுக்கு முறிவு அதிகமா என்று எண்ணிப் பார்த்தால், குறைவுதான் காரணமா என்று தெரியும். 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இப்படி ஒரு பெரிய ஆய்வு வந்தது. முறிவு ஏற்பட்டவர்கள் 37,857 பேர், ஏற்படாதவர்கள் 227,116 பேர். எலும்பு அடர்த்தி குறையும்படி மரபணு விழுந்தவர்களுக்கு முறிவு அதிகம். வைட்டமின் டி குறையும்படி விழுந்தவர்களுக்கு அதிகமில்லை. பெரியவர்களை, பெரும்பாலும் ஐரோப்பியரை வைத்துச் செய்தது என்பதை மறக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கான நேரடி விடை மங்கோலியாவிலிருந்து வந்தது. உலான்பாதரில் 6 முதல் 13 வயதுள்ள 8,851 பள்ளிப் பிள்ளைகள். தொடக்கத்தில் 95 சதவீதத்துக்கு மேல் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தார்கள். பாதிப் பேருக்கு வாரம் 14,000 யூனிட் வைட்டமின் டி, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, மூன்று வருடம். மருந்து எடுத்த பிள்ளைகளின் ரத்த அளவு நன்றாக ஏறியது. முறிவின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. 2023 இறுதியில் இது வெளியானது. என் மகளின் 17-ஐப் பார்த்து நான் தூக்கம் தொலைத்த இரவுகளுக்கு இந்த முடிவைப் படித்தபோதுதான் ஆறுதல் கிடைத்தது.

ரிக்கெட்ஸே வந்துவிட்ட குழந்தைக்கு இந்த முடிவு பொருந்தாது. அங்கே வைட்டமின் டியும் கால்சியமும் தான் மருந்து, கொடுத்தால் கால் நிமிரும். எக்ஸ்ரேயில் எலும்பு முனை கிண்ணம்போல் குழிந்து நார்நாராகப் பிரிந்து தெரியும், ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறியிருக்கும். ரிக்கெட்ஸா என்பதைச் சொல்வது இந்தப் படமும் கால்சியம், பாஸ்பேட் அளவுகளும் தான். வைட்டமின் டி எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 2016-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வகுத்த வரையறைப்படி 12-க்குக் கீழே குறைவு, 12 முதல் 20 வரை பற்றாக்குறை, 20-க்கு மேல் போதும். பல ரத்தப் பரிசோதனை நிலையங்கள் 30-க்குக் கீழே எல்லாவற்றையும் சிவப்பில் அச்சடிக்கின்றன.

அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு 60,000 யூனிட் பொட்டலத்தை வாங்கித் தினமும் கொடுத்த வீட்டை எனக்குத் தெரியும். வாரம் ஒன்று என்று எழுதியிருந்ததை நாளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். பையனுக்கு வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். ரத்தத்தில் கால்சியம் எகிறி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். உடம்பு அதிகப்படியைச் சிறுநீரில் தள்ளிவிடாது, சேர்த்து வைத்துக்கொள்ளும். கைக்குழந்தைக்கு மட்டும் விஷயம் வேறு. தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு என்பதால் முதல் ஒரு வருடம் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து தர வேண்டும் என்பது குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. அதிலும் ஒரு மில்லியில் 400 உள்ள புட்டியும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. புட்டி மாறினால் அளவும் மாறும், ஒவ்வொரு தடவையும் படித்துப் பாருங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? 10 வயதுக்குள் கை கால் நீள எலும்பில் இரண்டு முறிவு, 19 வயதுக்குள் மூன்று, அல்லது பெரிய அடி இல்லாமல் முதுகெலும்பு நசுங்குவது. இவற்றில் ஒன்று இருந்தால் எலும்பு நோய் இருக்கிறதா என்று முழுதாகப் பார்க்க வேண்டும். இன்னும் நடக்காத குழந்தைக்கு முறிவு என்றால் ஒன்றே போதும், தள்ளிப்போடக் கூடாது. அப்போது ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது, வீட்டில் யார் யார் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பேச முடியாத குழந்தைக்காக அவர்கள் கேட்டே ஆக வேண்டும், கோபப்பட வேண்டாம்.

இன்னொன்று. நம் பக்கம் எலும்பு முறிந்தால் முதலில் நாட்டுக் கட்டுக்குத்தான் ஓடுகிறோம். கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் முழங்கை முறிவில் ரத்தக் குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது. இறுக்கிக் கட்டிவிட்டால் உள்ளே வீங்கி, சில மணி நேரத்தில் முன்கைத் தசை செத்துப்போகும். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டிவிட்டால் பிள்ளை துடித்தாலோ, கட்டு எதுவானாலும் உடனே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

என் மகளுக்கு அது முதல் முறிவு, விழுந்ததும் நன்றாகவே விழுந்தாள். காலில் வளைவில்லை, எக்ஸ்ரேயில் எலும்பு முனை சுத்தம். அத்தைக்கு இடுப்பு முறிந்தது 74 வயதில். டாக்டர் தினம் 600 யூனிட் சொட்டு எழுதிக் கொடுத்தார், பாலையும் ராகியையும் விடாதீர்கள் என்றார், மரபணுப் பரிசோதனை எதுவும் வேண்டாம் என்றார்.

ஐந்தாவது வாரம் மாவுக்கட்டை வெட்டிப் பிரித்தார்கள். உள்ளிருந்து வந்த கை இளைத்து, தோல் உரிந்து, மற்ற கையைவிட இரண்டு பங்கு வெளுத்திருந்தது. அமுச்சி இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தக் கையி பழையபடி கறுக்கட்டும் சாமி" என்று சொல்லி, மதியச் சாப்பாடு முடிந்ததும் அவரே வாசல் கதவைத் திறந்துவிட்டார்.